மலைநாட்டுக் காற்றில் கலந்துவரும் உலோகத் தூசி



மலைநாட்டுக் காற்று நல்ல காற்று என்னும் எண்ணம் நம்மிடையே ஆழ வேரூன்றியது. அதற்கு வரலாற்று ஆதாரமும் உண்டு. தேசாதிபதி சேர் எட்வேட் பார்ன்ஸ் 1820களின் இறுதியில் நுவரெலியாவை நோயுற்ற ஆங்கிலப் படைவீரர் தங்கி உடல் தேறும் இடமாக அமைத்தார். அதற்கு ஏறக்குறைய இருபது ஆண்டுகளின் பின்னர், காய்ச்சலால் மெலிந்து இங்கு வந்த சாமுவேல் பேக்கர் என்பவர், சில நாட்களிலேயே உடல் தேறி, அதனால் மனங்கவரப்பெற்று, 1848இல் இவ்வூரிலேயே பண்ணை அமைத்துக் குடியேறினார். இன்றும் சித்திரை பிறந்ததும் கொழும்பிலிருந்தும் ஏனைய தாழ்நிலப் பகுதிகளிலிருந்தும் மக்கள் வண்டி வண்டியாக வந்து குவிவது காற்று வாங்குவதற்கே அன்றோ? அவர்கள் வாங்க வந்த காற்றில், அவர்கள் ஏறிவந்த வண்டிகளே எதைக் கலந்துவிட்டுப் போகின்றன என்று எண்ணிப் பார்ப்போர் மிகச் சிலர்.

காற்றில் மிதக்கும் மிக நுண்ணிய தூசியைப் பற்றியும், அத்தூசியின்மேல் ஏறிக்கொண்டு நம் உடலுக்குள் நுழையும் உலோகங்களைப் பற்றியுமே இவ்வுரையில் சில சொல்ல விரும்புகிறேன். நான் பெற்ற பட்டம் கலைப் பட்டம்; வகுப்பில் நான் கற்பித்தவை வரலாறும் தமிழும். ஆயினும், பாடசாலை ஒன்றின் பொறுப்பை ஏற்றிருப்போருக்கு, பிள்ளைகள் உண்ணும் உணவு எத்தகையது என்று விசாரிக்கும் கடமை இருப்பது போலவே, அவர்கள் உட்கொள்ளும் காற்று எத்தகையது என்று விசாரிக்கும் கடமையும் உண்டு. வளர்ந்த மனிதர் ஒருவர் நாளொன்றுக்கு உண்பது ஒன்றிரண்டு கிலோ உணவு; அவர் சுவாசிக்கும் காற்றை நிறுத்துப் பார்த்தால் பத்துக் கிலோவுக்கும் மேலாகும். உணவில் கல் கிடந்தால் பல் அறியும். காற்றில் கலந்ததை அறிய நமக்கு அத்தகைய பல் இல்லை.

2022ஆம் ஆண்டு டிசம்பர் 8ஆம் திகதி உங்களிற் பலருக்கு நினைவிலிருக்கும். வங்காள விரிகுடாவில் சூறாவளி நிலைகொண்டிருந்த அவ்வேளையில், இந்தியப் பக்கமிருந்து வீசிய காற்று அங்குள்ள புகைத்தூசியையும் இழுத்துக்கொண்டு இலங்கையின்மேல் படர்ந்தது. யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் வானம் மங்கி, நண்பகலிலும் தூரத்துக் கட்டிடங்கள் மறைந்தன. மறுநாள் அரச பாடசாலைகள் மூடப்பட்டன. கண்ணுக்குத் தெரிந்தமையால் அன்று அஞ்சினோம். அந்த மூட்டம் சில நாளில் கலைந்து போயிற்று. ஆனால் கண்ணுக்குத் தெரியாமல், ஆண்டு முழுவதும் நம்முடனேயே இருந்துவரும் தூசியைப் பற்றி நாம் அவ்வளவு கவலைப்படுவதில்லை.

அத்தூசி எவ்வளவு நுண்ணியது என்பதை முதலிற் கூறிவிடுகிறேன். ஒரு மில்லிமீற்றரை ஆயிரம் கூறாக்கினால் ஒரு கூறு ஒரு மைக்குரோமீற்றர். மனிதனின் தலைமயிர் ஏறத்தாழ எழுபது மைக்குரோமீற்றர் தடிப்புடையது. நான் கூறும் தூசியோ இரண்டரை மைக்குரோமீற்றரும் அதற்குக் குறைவும். முற்றத்தைக் கூட்டும்போது எழும் பருத்த தூசியை மூக்கிலுள்ள மயிரும், தொண்டையிலுள்ள சளியும் பிடித்து நிறுத்திவிடும். தும்மியும் காறியும் வெளியேற்றிவிடுவோம். நுண்தூசி அக்காவலைக் கடந்து, சுவாசப்பையின் அடியிலுள்ள சிற்றறைகள் வரை சென்று தங்குகிறது. அங்கே காற்றுக்கும் இரத்தத்துக்கும் இடையில் இருப்பது மிக மெல்லிய சவ்வு ஒன்றே.

இத்தூசியை எவ்வாறு அளக்கின்றனர்? ஒரு கன மீற்றர் காற்றில் எத்தனை மைக்குரோகிராம் தூசி உளது என்று நிறுத்துப் பார்ப்பதே உலக வழக்கம். உலக சுகாதார நிறுவனம் 2021இல், ஆண்டுச் சராசரி ஐந்து மைக்குரோகிராமுக்கு மேற்படாதிருத்தல் நலம் என அறிவுறுத்தியது. நமது நாட்டில் 2008இல் வகுக்கப்பட்ட விதியின்படி எல்லை இருபத்தைந்து. கொழும்பு, கண்டி போன்ற நகரங்களின் காற்றைத் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் அளந்து அறிவித்து வருகின்றது. இவையெல்லாம் வேண்டுவனவே. ஆனால் நிறை சொல்வது பாதிச் செய்திதான். மூட்டையின் நிறையைக் கொண்டு அரிசியின் தரத்தை அறிந்துவிட முடியுமா? கல் கலந்த அரிசியும் தராசில் அதே நிறை காட்டும். தூசி எவ்வளவு என்று கேட்டபின், எத்தகைய தூசி என்றும் கேட்டே ஆகவேண்டும்.

இவ்வினாவுக்கு விடை கண்ட வரலாறு ஒன்று உண்டு. எனக்கு அது மிகவும் பிடித்தமான வரலாறு. அதன் நாயகர் வைத்தியர் அல்லர், பொருளியற் பேராசிரியர். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், மலைகள் சூழ்ந்த பள்ளத்தாக்கு ஒன்றில் பெரிய உருக்காலை ஒன்று இருந்தது. தொழிற் பிணக்கு ஒன்றின் காரணமாக அவ்வாலை 1986 ஆகஸ்ட் மாதத்தில் மூடப்பட்டு, 1987 செப்டெம்பரில் மீண்டும் திறக்கப்பட்டது. ஆடன் போப் என்னும் அப்பேராசிரியர், அப்பகுதி வைத்தியசாலைகளின் பதிவேடுகளை எடுத்துப் புரட்டினார். ஆலை இயங்கிய குளிர்காலங்களில் சுவாச நோயினால் வைத்தியசாலையிற் சேர்க்கப்பட்ட பிள்ளைகளின் தொகை, ஆலை மூடியிருந்த குளிர்காலத்தினும் இரண்டு மூன்று மடங்காக இருந்தமை தெரியவந்தது. அதே மலை, அதே குளிர், அதே மக்கள். மாறியது ஆலையின் புகை மட்டுமே. 1989இல் அவர் இதனை வெளியிட்டார்.

இதோடு கதை முடியவில்லை. அப்பள்ளத்தாக்கின் காற்றை வடித்த வடிதாள்கள் ஆண்டுவாரியாகப் பத்திரப்படுத்தி வைக்கப்பட்டிருந்தன. பின்வந்த ஆய்வாளர்கள் ஆலை மூடுமுன், மூடிய காலத்தில், திறந்தபின் என மூன்று காலத்துத் தாள்களிலிருந்தும் தூசிச் சாற்றை எடுத்து, சம நிறையாக அளந்து, உடல்நலமுள்ள தொண்டர்களின் சுவாசப்பையில் மிகச் சிறிதளவு இட்டுப் பார்த்தனர். ஆலை இயங்கிய காலத்துச் சாறே அழற்சியை மிகுவித்தது. அச்சாற்றில் செம்பு, நாகம், இரும்பு முதலிய உலோகங்கள் மிகுந்திருந்தன. நிறை ஒன்றே, குணம் வேறு. 2001இல் வெளிவந்த இவ்வாய்வு, தூசியிலுள்ள உலோகத்தின்மேல் உலகின் கவனத்தைத் திருப்பியவற்றுள் ஒன்று.

உலோகம் ஏன் இவ்வாறு தீங்கு செய்கிறது? செம்பும் இரும்பும் நாகமும் உடலுக்கு வேண்டிய பொருள்கள்தாமே என்று நீங்கள் கேட்கலாம். உண்மையே. நமது சித்த வைத்தியர்களும் உலோகங்களைப் புடம்போட்டுப் பஸ்பமாகவும் செந்தூரமாகவும் வழங்கிவந்தனர். ஆனால் உணவின் வழியே, வேண்டிய அளவு, குடலின் காவலைக் கடந்து வருவது வேறு. காவலற்ற சுவாசப்பையின் அடித்தளத்தில் நேரே போய் வீழ்வது வேறு. அங்கே கரைந்த செம்பும் இரும்பும், ஒட்சிசனைக் கொதிப்புற்ற வடிவங்களாக மாற்றுகின்றன. அவை அருகிலுள்ள உயிர்க்கலங்களைச் சுட்டுப் புண்ணாக்குகின்றன. அந்தச் சிறு புண்கள் நாள்தோறும் தொடரும்போது தொய்வு நோயுள்ளவரின் தொய்வு முற்றுகிறது. இருதய நோயுள்ளவரின் இரத்தக் குழாய்கள் கெடுகின்றன. கட்மியம் சிறுநீரகத்திற் சேர்ந்து பத்து முப்பது ஆண்டுகள் வரை அங்கேயே தங்கிவிடும். பாஷாணத்துக்கு மூலமான ஆசனிக்கு, நிக்கற் சேர்வைகள், குரோமியத்தின் ஒரு வகை ஆகியவை புற்றுநோயை விளைவிப்பன. மங்கனீசு நரம்புகளைத் தாக்கும். காற்று மாசு முழுவதையுமே புற்றுநோய் விளைக்கும் பொருள்களின் முதல் வகுப்பிற் சேர்த்துப் புற்றுநோய் ஆய்வுக்கான சர்வதேச நிலையம் 2013இல் அறிவித்தது.

இவற்றுள் ஈயத்தைப் பற்றிச் சற்று விரித்தே கூறவேண்டும். பாத்திரத்துக்கு ஈயம் பூசுதல் என்று நாம் சொல்வது வெள்ளீயம். அது வேறு உலோகம். நான் கூறுவது காரீயம். இது உடலுக்கு எள்ளளவும் வேண்டாத பொருள். சுண்ணாம்புச் சத்தைப் போல வேடமிட்டு உடலுக்குள் நுழைந்து, எலும்பிற் புகுந்து பல்லாண்டுகள் தங்கிவிடும். தாய் கருவுற்றிருக்கும்போது அவளது எலும்பிலிருந்து கரைந்து வெளிவந்து கருவிலுள்ள பிள்ளையைச் சேரும். வளரும் பிள்ளையின் மூளையே அதன் முதல் இலக்கு. பிள்ளை பார்வைக்கு நோயாளியாகத் தோன்றாது. படித்தது மனத்தில் நில்லாது, ஓரிடத்தில் அமர்ந்திருக்க இயலாது, எளிதிற் சினங்கொள்ளும். இத்தகைய பிள்ளைகளை நாம் மந்தபுத்தி என்றும் அடங்காப் பிடாரி என்றும் கூறி, பிரம்பினால் திருத்த முயன்ற காலமும் இருந்தது. அப்பிள்ளைகளிற் சிலர் நஞ்சுண்டவராய் இருந்திருக்கலாம் என்று எண்ணும்போது, ஆசிரியத் தொழிலில் முதுமை எய்திய எனக்கு உள்ளம் நடுங்குகிறது. ஈயத்தின் அளவு இவ்வளவுக்குக் குறைந்தால் தீங்கில்லை என்று கூறத்தக்க எல்லை எதுவும் அறியப்படவில்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கூற்று.

அந்த ஈயம் உலகத்துக் காற்றில் எவ்வாறு நிறைந்தது? 1921 டிசம்பரில் தோமஸ் மிட்ஜ்லி என்னும் அமெரிக்கப் பொறியியலாளர், ஈயச் சேர்வை ஒன்றைப் பெற்றோலிற் கலந்தால் எந்திரம் தட்டாமல் ஓடும் என்று கண்டார். 1923இல் அப்பெற்றோல் விற்பனைக்கு வந்தது. 1924இல் அச்சேர்வையைத் தயாரித்த நியூஜேர்சி ஆலையொன்றில் தொழிலாளர் சிலர் சித்தம் கலங்கி மாண்டனர். அலிஸ் ஹமில்ற்றன் என்னும் பெண் வைத்தியர் அப்போதே எச்சரித்தார். கேட்போர் இல்லை. நாற்பது ஆண்டுகள் கழிந்து, பூமியின் வயதைக் கணித்துப் புகழ்பெற்ற கிளயர் பற்றர்சன், தமது ஆய்வுகூடத்துக்குள் எங்கிருந்தோ ஈயம் வந்துகொண்டேயிருப்பதைக் கண்டு, அதன் மூலத்தைத் தேடி, உலகெங்கும் மனிதர் உடலில் இயற்கைக்கு மாறாக ஈயம் ஏறியுள்ளதை 1965இல் எடுத்துரைத்தார். அமெரிக்காவில் பெற்றோல் ஈயத்தைக் குறைக்கத் தொடங்கியதும், 1976க்கும் 1980க்கும் இடைப்பட்ட காலத்திலேயே அந்நாட்டு மக்களின் இரத்தத்திலிருந்த ஈயம் சராசரி 37 விழுக்காடு குறைந்தது. இந்தியா 2000ஆம் ஆண்டில் ஈயப் பெற்றோலை நிறுத்தியது. இலங்கை 2002 ஜூன் மாதத்தில் நிறுத்தியது. கடைசியாக அல்ஜீரியா 2021இல் நிறுத்தியது. ஒரு பிழையைத் தொடங்கி முடிக்க மனித குலத்துக்கு நூறு ஆண்டுகள் பிடித்தன.

நமது நாட்டில் 2002இல் எடுக்கப்பட்ட அம்முடிவை நாம் கொண்டாடுவதில்லை. அந்நாளின் பெயரால் விழாவுமில்லை, சிலையுமில்லை. ஆனால் அதற்குப்பின் பிறந்த பிள்ளைகள் அனைவரும் அதன் பயனைத் தம் உடலிலே சுமந்து திரிகின்றனர். உலோகத் தூசியின் சிறப்பே இதுதான். புகை எங்கெங்கிருந்தோ வரும். உலோகமோ இன்ன இடத்திலிருந்து வந்தது என்று காட்டிக்கொடுக்கும். வடிதாளில் வனேடியமும் நிக்கலும் சேர்ந்து காணப்பட்டால், கப்பல்களும் மின்னிலையங்களும் எரிக்கும் கசட்டெண்ணெய் என்று அறியலாம். ஆசனிக்கு மிகுந்தால் நிலக்கரியோ உலோக உருக்காலையோ என்று ஐயுறலாம். பொற்றாசியம் மிகுந்தால் விறகு. செம்பும் அந்திமனியும் பேரியமும் கூடினால் வாகனங்களின் பிரேக். நாகம் மிகுந்தால் டயர் தேய்வு அல்லது குப்பைத் தீ. இவ்வாறு துப்பறிந்தே, கொழும்புக் காற்றில் வாகனப் புகை இது, மண் தூசி இது, விறகுப் புகை இது, கடலுப்பு இது என்று நமது நாட்டு ஆய்வாளரும் பிரித்துக் காட்டினர். மூலம் தெரிந்தால் அடைக்கலாம். ஈயப் பெற்றோலை அடைத்தோமே!

இனி நமது மலைகளுக்கு வருவோம். பெருநகரமும் இல்லை, உருக்காலையும் இல்லை, நமக்கு ஏது உலோகத் தூசி என்று கேட்போருக்கு நான் முதலிற் காட்டுவது கினிகத்தேனையிலிருந்து அட்டன் வரையிலும், றம்பொடையிலிருந்து நுவரெலியா வரையிலும் உள்ள வளைவுச் சாலைகளை. கடல் மட்டத்துக்கு அருகிலுள்ள கொழும்பிலிருந்து 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவுக்கு ஏறிய ஒவ்வொரு வண்டியும் அவ்வளவு உயரத்தையும் மீண்டும் இறங்கியாக வேண்டும். இறங்கும்போது அதன் வேகத்தையெல்லாம் விழுங்குவது பிரேக்கே. நிறைந்த பஸ் வண்டி ஒன்று றம்பொடை இறக்கத்தில் இறங்கிவரும்போது எழும் காந்தல் மணத்தை அறியாத மலைநாட்டார் உண்டா? அம்மணம் வரும்போது பிரேக் கட்டையும் இரும்புத் தட்டும் தேய்ந்து, இரும்பும் செம்பும் பிறவும் நுண்தூசியாகிக் காற்றிற் கலந்துகொண்டிருக்கின்றன. புகைக்குழாயைச் சோதிக்க நமது நாட்டில் 2008 முதல் வாகனப் புகைப் பரிசோதனை நடைபெறுகிறது. அப்பரிசோதனைக்கு பிரேக்கிலிருந்து வரும் தூசி அகப்படுவதில்லை. ஐரோப்பிய ஒன்றியமே 2024இல் தான் முதன்முறையாக பிரேக் தூசிக்கும் எல்லை வகுத்துச் சட்டம் இயற்றியது. அமெரிக்காவின் வாஷிங்டன், கலிபோர்னியா மாநிலங்கள் 2010இலேயே பிரேக் கட்டையிலுள்ள செம்பைப் படிப்படியாகக் குறைக்கச் சட்டம் செய்தன. மனிதருக்காக அன்று, மழைநீரோடு ஆற்றிற் சேரும் செம்பு மீன்களைக் கெடுக்கிறது என்பதற்காக! மீனுக்குக் கிடைத்த நீதி மனிதனுக்குப் பின்னரேனும் கிடைக்கட்டும்.

இவ்விடத்திற் சாரதிகளுக்கு ஒரு வார்த்தை. இறக்கத்தில் சிறிய கியரில் எந்திரத்தின் பிடியிலேயே வண்டியை இறக்குவது பழைய சாரதிகளின் வழக்கம். பிரேக் சூடேறிச் செயலிழக்காதிருக்க அவர்கள் கற்ற பாடம் அது. உயிர்காக்கும் அவ்வழக்கமே தூசியையும் குறைக்கிறது.

நிலத்தின் அமைப்பும் நமக்குத் துணையாக இல்லை. கண்டி மாநகர் குன்றுகள் சூழ்ந்த கிண்ணம் போன்றது. பேராதனைப் பல்கலைக்கழகத்தார் அந்நகரின் காற்றைப் பற்றிப் பல காலமாகக் கவலை தெரிவித்து வந்துள்ளனர். நுவரெலியாவும் பீதுருதாலகால மலையின் அடியில் கிடக்கும் ஒரு கிண்ணமே. தை மாசி மாதங்களில், வானம் தெளிந்து பனி கொட்டும் இரவுகளில், நிலத்தை ஒட்டிய காற்று குளிர்ந்து கனத்துக் கீழேயே தங்கிவிடுகிறது. மேலே வெப்பமான காற்று மூடி போட்டாற்போல் நிற்கிறது. அதிகாலையில் லயத்து அடுப்புகளின் புகை மேலெழாமல் தேயிலைமேல் விரித்த வெள்ளைத் துணியாகக் கிடப்பதை நாம் காண்கிறோமே, அந்த மூடியின் வேலைதான் அது. பார்வைக்கு அழகு. அவ்வேளையிற்றான் பிள்ளைகள் பாடசாலைக்கு நடந்து வருகின்றனர்; அவ்வேளையிற்றான் பஸ் நிலையத்தில் டீசல் வண்டிகள் புறப்படுமுன் நெடுநேரம் உறுமிக்கொண்டு நிற்கின்றன.

அடுப்பைப் பற்றிச் சொன்னேன். தோட்டங்களில் இன்றும் பெரும்பாலான வீடுகளில் விறகடுப்பே எரிகிறது. 2022ஆம் ஆண்டு நெருக்கடியில் எரிவாயுவும் மண்ணெண்ணெயும் கிடையாமற் போனபோது, விறகை விட்டவர்களும் மீண்டும் விறகுக்கு வந்தனர். காற்றோட்டமற்ற சிறு அறையில் விறகுப் புகை தரும் தீங்கை நீங்கள் பலரும் கூறக் கேட்டிருப்பீர்கள்; அதனை நான் மீண்டும் விரிக்கவில்லை. நான் சொல்ல வந்தது, அவ்வடுப்பில் விறகோடு வேறு எவை போகின்றன என்பது. பழைய கதவு நிலை, சன்னற் சட்டம், உடைந்த மேசை நாற்காலி ஆகியவை வர்ணம் பூசியபடியே அடுப்புக்குள் போகின்றன. நமது நாட்டில் வர்ணங்களில் ஈயத்தின் அளவுக்கு 2013 முதலே சட்டப்படியான எல்லை உண்டு. அதற்கு முன் பூசிய வர்ணத்தில், விசேஷமாகப் பளபளக்கும் மஞ்சள், சிவப்பு, பச்சை எண்ணெய் வர்ணங்களில், ஈயம் மிகுதியாக இருந்திருக்கலாம். மரம் எரிந்து சாம்பலாகும். ஈயம் எரிந்து அழியாது. ஒரு பகுதி புகையோடு சென்று அறையிலுள்ளோர் சுவாசத்திற் சேரும். மீதி சாம்பலில் தங்கி, பாத்திரம் துலக்கும் கைக்கும், கீரைப் பாத்திக்கும் வந்து சேரும். ஈர விறகைப் பற்றவைக்க டயர்த் துண்டைக் கொளுத்துவதும் இத்தகையதே. நாகமும் கரியும் கலந்த அக்கரும்புகை, ஐந்து நிமிடத்தை மிச்சப்படுத்தித் தந்து ஐந்து பேரின் மார்பை அடைக்கிறது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பழைய மின்கம்பிகளைத் தீயிலிட்டு, உறையை எரித்து, உள்ளேயிருக்கும் செம்பைப் பழைய சாமான் வியாபாரிக்கு விற்பது சிறுவர்களும் செய்யும் தொழிலாகிவிட்டது. அவ்வுறைகளிற் பலவற்றில் ஈயச் சேர்வை உண்டு. பழைய பற்றரியைப் பிளந்து ஈயத்தை எடுத்து உருக்குவதோ இதனினும் கொடிது. லயங்களுக்கு மின்சாரம் வருமுன், வானொலியும் தொலைக்காட்சியும் இயங்கக் கார் பற்றரியை முதுகிற் சுமந்து நகரத்துக்குச் சென்று மின்னேற்றிவந்த காலத்தை மூத்த நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள். இவ்வளவு பழகிய பொருளிடம் நமக்கு அச்சம் தோன்றுவதில்லை. ஆபிரிக்காவில் செனகல் நாட்டின் தலைநகரான டாக்காருக்கு அருகே, தியரோய் என்னும் ஊரில், வறிய குடும்பங்கள் பழைய பற்றரிகளின் ஈயம் ஊறிய மண்ணைச் சலித்து விற்றுப் பிழைத்தன. 2007 நவம்பர் முதல் 2008 மார்ச் வரையிலான சில மாதங்களில் அங்கே பதினெட்டுக் குழந்தைகள் இறந்தன. முதலில் காரணம் எவருக்கும் விளங்கவில்லை. அயலிலிருந்த தாய்மார், உடன்பிறந்தோர் ஆகியோரின் இரத்தத்தைச் சோதித்தபோதே ஈயம் வெளிப்பட்டது. பழைய பற்றரியை விற்ற கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுவது சிறிய வேலை. அந்தச் சிறிய வேலை அவ்வூரிற் செய்யப்பட்டிருந்தால் அக்குழந்தைகள் இன்று இளைஞராயிருப்பர்.

தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இதில் ஒரு தனியான ஆபத்து உண்டு. உடலில் இரும்புச் சத்துக் குறைந்திருந்தால், குடல் இரும்பைத் தேடி அலையும்போது அதற்குப் பதிலாக ஈயத்தையும் மிகுதியாக உறிஞ்சிக்கொள்ளும். தவழும் குழந்தை தரையிற் படிந்த தூசியைக் கையால் தொட்டு வாயில் வைக்கும். இரத்தசோகை நம் தோட்டத்துத் தாய்மாரிடமும் பிள்ளைகளிடமும் எவ்வளவு பரவியுள்ளது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. காலைக் கூட்டத்தில் மயங்கி விழும் பிள்ளைகளை ஆசிரியர் அனைவரும் அறிவர். ஆகவே, மருத்துவமாது தரும் இரும்புச் சத்து மாத்திரையை அலுமாரியில் அடுக்கி வைத்துவிடும் தாய்மார், அது இரத்தத்தை விருத்தி செய்வதோடு ஈயத்துக்கும் வாயிலை அடைக்கிறது என்பதை அறிதல் வேண்டும். முருங்கைக்கீரையும் வல்லாரையும் பருப்பும் நெத்தலியும் அவ்வாறே பயன் தருவன. உணவோடு தேநீர் அருந்தினால் இரும்புச் சத்து உடலிற் சேர்வது குறையும். தேயிலை மலையில் இருந்துகொண்டு இதனைச் சொல்வது சற்றே சங்கடமாயினும், சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துத் தேநீர் அருந்துக என்று சொல்லித்தான் ஆகவேண்டும்.

அரசாங்கம் செய்யவேண்டியனவும் உள. காற்றிலுள்ள தூசியின் நிறையை மட்டுமன்றி, அதிலுள்ள உலோகங்களையும் மலைநாட்டு நகரங்களில் ஆண்டுதோறும் அளந்து வெளியிட வேண்டும். பஸ் நிலையங்களில் நிற்கும் வண்டிகளின் எந்திரத்தை நிறுத்தச் செய்வதற்குப் பெரும் பொருட்செலவு வேண்டாம். ஓர் அறிவிப்புப் பலகையும் அதனை நடைமுறைப்படுத்தும் ஓர் உத்தியோகத்தரும் போதும். தோட்ட வீடுகளைப் புதிதாகக் கட்டும்போது புகைபோக்கி உள்ள சமையலறை வேண்டும் என்பதை இன்னும் கேட்டுக்கொண்டிருக்கவேண்டிய நிலைமை வருந்தத்தக்கது. தேயிலைத் தொழிற்சாலையின் சூளைக்கு ஓங்கிய புகைபோக்கி கட்டத் தெரிந்தவர்களுக்கு, கொழுந்து பறிப்பவளின் அடுப்புக்கு நான்கடிக் குழாய் வைக்கத் தெரியாமற் போயிற்றா?

வீட்டில் நாம் செய்யக்கூடியவை எளியனவே. வர்ணம் பூசிய பலகையையும் டயரையும் பொலித்தீனையும் அடுப்புக்குள் இடாதிருத்தல். கம்பி எரிக்கும் இடத்துக்கும் வெல்டிங் கடைக்கும் பிள்ளைகளை அனுப்பாதிருத்தல். உண்ணுமுன் பிள்ளைகளின் கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவுதல். இவற்றோடு, தூசியை உலர்ந்த விளக்குமாற்றால் கிளப்பிவிடாமல் ஈரத்தால் அடக்குதல். நம் பாட்டிமார் முற்றத்தில் நீர் தெளித்த பின்னரே கூட்டினர். சிலர் சாணம் கரைத்தும் தெளித்தனர். வழக்கமென்று செய்தார்களேயன்றி மைக்குரோமீற்றர் கணக்குப் பார்த்துச் செய்யவில்லை. நமது பாடசாலைகளில் மணி அடிக்குமுன் வகுப்பறையைக் கூட்டுபவர்கள் பிள்ளைகளே. சாலையோரப் பாடசாலைகளில் இரவெல்லாம் படிந்த தூசி முழுவதும் அந்தப் பத்து நிமிடத்தில் அவர்கள் முகத்துக்கு நேரே எழுகிறது. எங்கள் பாடசாலையில், விளக்குமாற்றை எடுக்குமுன் தரையில் நீர் தெளிக்கவேண்டும், சாலைப் பக்கத்துச் சன்னல்களையும் மேசைகளையும் ஈரத்துணியால் துடைக்கவேண்டும், துடைத்த துணியை அலசிய நீரைக் கீரைப் பாத்தியில் ஊற்றலாகாது என்று ஏற்பாடு செய்திருக்கிறோம். முதல் நாள் அலசிய வாளித் தண்ணீரைப் பிள்ளைகளுக்குக் காட்டினோம். அதன் கருமையைக் கண்டபின் இரண்டாம் நாள் எவருக்கும் நினைவூட்ட வேண்டியிருக்கவில்லை.